கடவுள் சொல்

எனக்கு எழுத்து ஒழுங்காக வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நடந்ததும் பாதி மறந்துபோகும். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கொட்டாஞ்சேனையில் எங்கள் வங்கிக் கிளையில் காசு கொடுக்கிற கவுண்டரை மூடிவிட்டு, இனி எல்லாம் போனில்தான் என்றார்கள். எனக்கோ மறுநாள் கண் ஒப்பரேஷன். கண்ணுக்குள் வைக்கிற லென்ஸுக்கு அன்றைக்கே காசு அனுப்பாவிட்டால் என் முறை வேறு ஆளுக்குப் போய்விடும். மகள் ஸ்டெல்லா வெள்ளவத்தையில் வேலையில் இருந்தாள். அவள் தந்த பழைய போனோடு தனியாகப் போனேன். (கோயிலுக்கு அப்பால் நான் தனியாகப் போனதே குறைவு.) வங்கியை மூன்று மணிக்குப் பூட்டிவிடுவார்கள். மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்தே கழுத்து நொந்தது.

வங்கி மேசையில் இருந்த பெட்டைப்பிள்ளை போனில் என்னவோ தட்டிவிட்டு என்னிடம் நீட்டினாள்.

"ஆன்ட்டி, இதில கேக்கிறத நீங்களே போடுங்கோ. ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது. எனக்கும்தான்."

சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

போனை மூக்கில் முட்டக் கொண்டுபோய் எழுத்துக்கூட்டினேன். கண்ணெல்லாம் புகை. 'கடவுள் சொல்' என்று இருந்தது. (அது கடவுச்சொல் என்று பிறகுதான் தெரியும்.) கடவுளின் சொல்லை ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது என்றால் கோயிலில் பிரசங்கம் வைக்கிற சுவாமியாருக்கு வேலையே போய்விடுமே? கேட்க வெட்கம். சிலுவை போட்டுக்கொண்டு, அருள் நிறைந்த மரியே செபத்தைப் போனுக்குள் மெல்லச் சொன்னேன். போன் அசையவில்லை. காது கேட்காதாக்கும் என்று குரலை உயர்த்தினேன்.

வங்கியே திரும்பிப் பார்த்தது. வாசலில் நின்ற செக்கியூரிட்டி தொப்பியைக் கழற்றினார். எனக்குப் பின்னால் நின்ற முஸ்லிம் அம்மா தோளைத் தொட்டு, "பயப்பட வாணாம், சல்லி கெடைக்கும்" என்றார்.

பெட்டை உதட்டைக் கடித்துக்கொண்டு திரும்பினாள்.

"ஆன்ட்டி, அது பாஸ்வேர்ட்."

பாஸ்வேர்ட் எனக்குத் தெரியும். அதுதான் தமிழ் என்றே நினைத்திருந்தேன்.

"உங்களுக்கு ஞாபகம் நிக்கிற மாதிரி, மரியா எண்டு வைப்பமா?"

"வேண்டாம் பிள்ளை. இப்ப எல்லாருக்கும் தெரிஞ்சிட்டுது."

ஷட்டர் பாதி இறங்கும்போது காசு போய்ச் சேர்ந்தது. கண்ணும் இப்போது நன்றாகத் தெரிகிறது.

ஆனால் வீட்டில் யாருடைய போனாவது மக்கர் பண்ணினால், "அம்மா, செபத்தைத் தொடங்குங்கோ" என்கிறார்கள். நான் முழுச் செபமாலையும் சொன்னதாக ஸ்டெல்லா ஊரெல்லாம் சொல்லித் திரிகிறாள். ஒரே ஒரு செபம்தான் என்பது என் நினைவு. அன்றைக்கு வரிசையில் நின்ற யாராவது இதை வாசித்தால், எது சரி என்று தயவுசெய்து ஸ்டெல்லாவிடம் சொல்லிவிடுங்கள்.