நாலு நானும் ஒரு ஸ்டூலும்

'வா' என்கிற ஒற்றை எழுத்தை என் வாயால் என் மனைவியிடம் சொல்வதில்லை என்று சபதம் எடுத்தேன். முப்பத்தெட்டு நாள் காப்பாற்றவும் செய்தேன். மேலே கேளுங்கள்.

நான் போட்டோ ஸ்டுடியோ வைத்திருப்பவன். பாஸ்போர்ட் சைஸ் முகங்களாக எடுத்து எடுத்து, கனவில் வருகிறவர்களுக்குக்கூட இரண்டு காதும் தெரிய ஆரம்பித்தது. இனிமேல் புதுமைதான் என்று இறங்கினேன். முதலில் அகப்பட்டவர் ஒரு டீச்சரம்மா. ஒரு பக்கம் மட்டும் விளக்கைப் போட்டு, பாதி முகம் வெளிச்சமாகவும் பாதி முகம் இருட்டாகவும் எடுத்துக் கொடுத்தேன்.

திருப்பித் திருப்பிப் பார்த்தவர், "நல்லாருக்கு சார். மீதி முகம் எப்ப கிடைக்கும்?" என்றார்.

என் மனைவி சிரித்தாள். டீச்சரம்மா போன பிறகும் சிரித்தாள். எனக்குச் சோறு போடும்போதும் சிரித்தாள்.

"உனக்குக் கலைன்னா என்னன்னு தெரியுமா?"

"தெரியாம என்ன? அடுக்கி வச்சதையெல்லாம் கலைச்சுப் போடறதுதானே?"

"நீ இல்லாம இருந்தா நான் நிம்மதியா நாலு படம் எடுப்பேன்!"

தவளை தன் வாயால் கெடும். சிரிப்பு நின்றுவிட்டது.

"சரி. பொண்ணு வீட்டுக்குப் போறேன். நீங்களா வாய் திறந்து 'வா'ன்னு சொன்னாதான் வருவேன்."

"அது இந்த ஜென்மத்துல நடக்காது!"

போய்விட்டாள்.

மறுநாளே கஷ்டம் தெரிந்தது. படம் எடுக்க யார் வந்தாலும், முதலில் அவளை ஸ்டூலில் உட்காரவைத்துத்தான் லைட் பார்ப்பேன். இருபத்தேழு வருஷப் பழக்கம். லைட் சரியானதும் அவள் எழுந்துகொள்வாள், வந்தவர்கள் உட்காருவார்கள். அந்தச் சோதனைப் படங்களை அன்றன்றே அழித்துவிடுவேன். இப்போது ஸ்டூலில் ஒரு தலையணையை நிறுத்தி லைட் பார்த்தேன். பழக்க தோஷத்தில், "தாடையைக் கொஞ்சம் தூக்கு" என்றேன். தலையணை பேசாமல் இருந்தது. அவளாக இருந்தால் மூன்று பதில் வந்திருக்கும்.

கம்ப்யூட்டரில் அவள் முகம் ஒன்றாவது தப்பியிருக்கிறதா என்று தேடினேன். ஊரில் உள்ள முகமெல்லாம் இருந்தது, அவள் முகம் மட்டும் இல்லை. அழுகை வந்துவிட்டது. யாரிடம் சொல்வது? தலையணையிடமா?

ஆனாலும் மானம் என்று ஒன்று இருக்கிறதே. எனக்குத் துணைக்கு ஆள் தாராளமாக இருக்கிறது என்று அவளுக்குக் காட்ட வேண்டும். முப்பத்தெட்டாம் நாள் காரியத்தில் இறங்கினேன். கறுப்புத் திரையைக் கட்டினேன். கேமரா தானாகப் படம் எடுக்கும்படி வைத்துவிட்டு ஓடிப்போய் உட்கார்ந்தேன். சட்டையை மாற்றிக்கொண்டு வேறு பக்கம் உட்கார்ந்தேன். இப்படி நாலு தடவை ஓட்டம். நாலையும் ஒன்றாகச் சேர்த்தால், ஒரே மேஜையைச் சுற்றி நாலு நான். ஒரு நான் சீட்டுப் போடுகிறேன். ஒரு நான் டீ குடிக்கிறேன். மூன்றாவது நான் சொன்ன ஜோக்குக்கு நாலாவது நான் விழுந்து விழுந்து சிரிக்கிறேன். அவளுக்கு அனுப்பினேன்.

அரைமணியில் போன்.

"யாரு இவங்க நாலு பேரும்?"

"எல்லாம் நான்தான். புதுமை! எப்படி?"

"நல்லாத்தான் படம் காட்டுறீங்க. நாலு பேர் இருக்கீங்க, ஒருத்தருக்குக்கூட பட்டன் சரியாப் போடத் தெரியலையா?"

பார்த்தேன். நாலு சட்டையிலும் பட்டன் ஒரு ஓட்டை தள்ளி ஏறியிருந்தது. ஊரார் காலரையெல்லாம் இழுத்துச் சரிசெய்கிற கை இது!

"நான் ஜாலியா இருக்கேன்னு காட்டத்தான்..."

"தெரியுது. டீ குடிக்கிறவர் கிளாஸ் காலி. சிரிக்கிறவர் கண்ணு சிரிக்கவே இல்ல. வேற ஏதாவது சொல்லணுமா?"

அந்த எழுத்து நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

"வா... வா... வாஷிங் மெஷின் எந்த பட்டன்ல ஓடும்?"

"சிவப்பு பட்டன்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் தெரியாத நம்பரிலிருந்து ஒரு மெசேஜ். 'நாளைக் காலை பத்து மணிக்குக் குரூப் போட்டோ. ஐந்து பேர்.'

ஐந்து பேர்! இந்த அறையில் கலகலவென்று பேச்சுக்குரல் கேட்டு எத்தனை நாளாயிற்று! காலையில் பெருக்கித் துடைத்து ஐந்து நாற்காலி போட்டேன். பத்து மணிக்குக் கதவு திறக்கிற சத்தம் கேட்டபோது, கதவுக்கு முதுகைக் காட்டியபடி தலையணைக்கு லைட் பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்டுடியோக்காரன் வாய் சும்மா இருக்குமா?

"வாங்க, வாங்க!"

"வந்துட்டேன்."

திரும்பினேன். கையில் பெட்டியோடு அவள்.

"ஒரு தடவை 'வா'ன்னா போதும்னுதான் இருந்தேன். நீங்க ரெண்டு தடவை கூப்பிட்டுட்டீங்க, அதுவும் மரியாதையோட."

"இது போங்காட்டம்! நான் கஸ்டமர்னு நினைச்சு..."

"அப்ப போகட்டுமா?"

"ஐயோ, வேண்டாம்!"

தலையணையைத் தூக்கி ஓரமாகப் போட்டுவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். நான் சொல்லாமலே தாடையைத் தூக்கினாள். எடுத்தேன். இந்தப் படத்தை அழிக்க மாட்டேன்.

அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

"அஞ்சு பேர்னு மெசேஜ் வந்துச்சே?"

"மாப்பிள்ளையோட புது நம்பர். நான்தான் அனுப்பச் சொன்னேன்."

"சரி, மத்தவங்க எங்க?"

"நான் ஒருத்தி. நீங்க நாலு பேர். போங்க, நாலு பேரும் பட்டனைச் சரியாப் போட்டுட்டு வாங்க."

நாங்கள் நாலு பேரும் தலையைக் குனிந்துகொண்டு போனோம்.