பூசணிக்காய் என்று சொல்லாமல் நுழைந்தவள்

அன்பு மச்சான் டென்சிலுக்கு, ஆர்லோ எழுதிக்கொண்டது.

இங்கே நானும் நாயும் நலம். காற்று மட்டும் வழக்கம்போல் அடித்து, கொட்டகைக் கூரையில் ஒரு தகட்டைப் பெயர்த்துவிட்டது. அங்கே நீயும் உன் முதுகுவலியும், மூன்று வாரமாக உன் வீட்டு மாடியறையில் தங்கியிருக்கும் உன் அக்கா இர்மாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அவள் சுகத்தைத் தெரிந்துகொள்ள எனக்கு வேறு வழியில்லை. போன் செய்தால், என் குரல் கேட்டதும் உன்னிடம் கொடுத்துவிடுகிறாள். நீயோ வயோமிங் மாநிலம் முழுவதற்கும் வானிலை சொல்லிவிட்டு வைத்துவிடுகிறாய். ஆகவே கடிதம். அவள் தன் பக்கத்து நியாயத்தைச் சொல்லியிருப்பாள். என் பக்கத்தையும் பொறுமையாகப் படித்துவிட்டு அவளை அனுப்பி வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

துப்பாக்கி எனக்குப் புதிதல்ல, உனக்கே தெரியும். பன்னிரண்டு வயதிலிருந்து எல்க் மான் வேட்டைக்குப் போகிறவன் நான். ஆனால் நவம்பரில் மேற்குப் பக்கத்துப் பண்ணையில் பட்டப்பகலில் கதவை உடைத்து ஜெனரேட்டரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஷெரிஃப் ஆபீஸிலிருந்து போலீஸ் வண்டி வந்து சேர ஐம்பது நிமிடம் ஆனது. அதற்குப் பிறகு காபிக் கடையில் தினமும் கூடுகிற நாங்கள் ஐந்து பேரும் கலந்து பேசி, சந்தை மைதான மண்டபத்தில் நடந்த இரண்டு நாள் தற்காப்பு வகுப்பில் சேர்ந்தோம். நடத்தியவர் வெண்டல் க்ரூஸ், போலீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். முதல் நாள் முதல் வார்த்தையே, "நீங்க எல்லாம் மான் சுட்டவங்கதான். மான் திருப்பிச் சுடாதுய்யா" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அன்றைக்கே ஒரு கைத்துப்பாக்கி வாங்கி இடுப்பில் மாட்டினேன்.

அந்த மனிதரை நான் இன்றும் குறை சொல்லமாட்டேன். அவர் சொன்னது ஒவ்வொன்றும் நியாயம். "சண்டையே போடாம வீட்டுக்குப் போறான் பாரு, அவன்தான் கெட்டிக்காரன்" என்றார். "உன்னை மறைக்கிறது வேற, குண்டைத் தடுக்கிறது வேற. சோபா மறைக்கும், தடுக்காது" என்றார். எதிராளியின் முகத்தைப் பார்க்காதே, கையைப் பார், ஆளைக் கொல்வது கைதான் என்றார். சத்தம் கேட்டால் தேடிக்கொண்டு போகாதே, இருக்கிற இடத்தில் இருந்து குரல் கொடு, போலீஸுக்குப் போன் செய் என்றார். கடைசியாக மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "யாருன்னு தெரியாம குழலை நீட்டாத. சுடணும்னு முடிவு பண்ற வரைக்கும் விசைக்குள்ள விரல் போகக் கூடாது. கிளம்பின குண்டை எந்த வக்கீலாலயும் திருப்பிக் கூப்பிட முடியாது." நான் எல்லாவற்றையும் அட்டைகளில் எழுதி வந்து ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினேன். இர்மாவின் பல் டாக்டர் சீட்டுக்கு இடமில்லாமல் போயிற்று. மனஸ்தாபத்தின் தொடக்கம் அதுவாக இருக்கலாம்.

பொது இடத்தில் வாசலைப் பார்த்து உட்கார் என்பதும் அவர் பாடம்தான். மறுநாள் காபிக் கடையில் நாங்கள் ஐந்து பேரும் வாசலைப் பார்த்த ஒரே பெஞ்சில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். எதிர்ப் பெஞ்ச் காலி. பரிமாறுகிற டார்லீன் காபிக் கூஜாவோடு வந்து, இடுப்பில் கைவைத்து நின்றாள். "என்னங்கய்யா இது? சர்ச்சுல பாட்டுப் பாடப் போறீங்களா, இல்ல யாராவது பொண்ணு பாக்க வர்றாங்களா?" என்றாள். யாரும் எழுந்திருக்கவில்லை. எழுந்தவனுக்கு வாசல் முதுகுப் பக்கம் போய்விடும் அல்லவா? அப்படியே ஒரு வாரம், முட்டையை ஒருவர் தட்டிலிருந்து ஒருவர் சாப்பிட்டோம்.

வீட்டில் குண்டைத் தடுக்கக்கூடியது எது என்று சோதித்துப் பார்ப்பது என் பொறுப்பு என்று நினைத்தேன். பழைய சோபாவை மேய்ச்சல் நிலத்துக்கு இழுத்துப் போய்ச் சுட்டேன், ஊடுருவிப் போனது. அலமாரிக் கதவும் அப்படியே. மிஞ்சியது பின்கட்டில் இருந்த பெரிய ஃப்ரீஸர்ப் பெட்டி. அதில் போன இலையுதிர்காலத்து எல்க் இறைச்சி முழுவதும் கல்லாக உறைந்து அடுக்கியிருந்தது. அதைத் தள்ளிக்கொண்டு வந்து நடைபாதையில், பின்வாசலைப் பார்த்து வைத்தேன். குளியலறைக்குப் போக இர்மா ஒருக்களித்துத்தான் போகவேண்டி வந்தது. அதையும் பொறுத்துக்கொண்டாள். ஆனால் ஒரு செவ்வாய்க்கிழமை ரோஸ்ட் செய்ய இறைச்சி எடுக்கப் போனபோது நான், "முன் வரிசையில கை வைக்காத, இர்மா" என்றேன்.

"ஏன், முன் வரிசை கெட்டுப்போச்சா?"

"கெடல. அதுதான் குண்டைத் தடுக்கணும். நீ எடுக்க எடுக்கக் கனம் குறையும்."

உன் அக்கா ஃப்ரீஸர் மூடியைச் சாத்தினாள். "ஆர்லோ, நம்ம சாப்பாட்டுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டு நாம பட்டினி கிடக்கணும்ங்கிற. அப்படித்தானே?" என்றாள். அன்று பின் வரிசையிலிருந்து கொத்துக்கறிதான் கிடைத்தது.

இனி அந்தச் சொல் விவகாரத்துக்கு வருகிறேன். ஒரே வீட்டில் இருப்பவர்கள் தங்களுக்குள் ஒரு சொல் வைத்துக்கொள்ள வேண்டும், உள்ளே வரும்போது அதைச் சொல்ல வேண்டும் என்பது வெண்டலின் யோசனை. நாங்கள் வைத்தது பூசணிக்காய். தேர்ந்தெடுத்தவளே இர்மாதான், அப்போது சிரித்துக்கொண்டுதான் தேர்ந்தெடுத்தாள். பத்து நாள் ஒழுங்காகச் சொன்னாள். கோழிக்குத் தீனி வைத்துவிட்டு வந்தால் பூசணிக்காய், தபால் எடுத்துவர இறங்கிப் போய் ஏறினால் பூசணிக்காய். பதினோராம் நாள், "நாப்பத்தோரு வருஷமா என் காலு தேய்ச்ச வாசப்படி இது. இதுல நுழைய நான் காய்கறிப் பேரு சொல்லணுமா?" என்று கேட்டாள். பாதுகாப்புக்கு ஓய்வு நாள் கிடையாது என்றேன். சரியான பதில்தான், ஆனால் சொன்ன நேரம் சரியில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை முழங்கால் வலியால் நான் சர்ச்சுக்குப் போகவில்லை. ஆராதனை முடிந்து அங்கே எல்லாரும் கொண்டுவந்ததை வைத்துச் சாப்பிடுவார்கள், இர்மா இரண்டரை மணிக்கு வருவதாகத்தான் பேச்சு. பன்னிரண்டே முக்காலுக்குப் பின்கதவுக் கொண்டி அசைந்தது. வண்டிச் சத்தம் காற்றில் எனக்குக் கேட்கவில்லை. பாடப்படி நான் தேடிப் போகவில்லை. ஃப்ரீஸருக்குப் பின்னால் மண்டியிட்டேன், அந்த முழங்காலோடு. துப்பாக்கி கைக்கு வந்தது. "யாரு? சொல்லைச் சொல்லு!" என்றேன். பதில் இல்லை. கதவு திறந்தது. வெயில் பின்னாலிருந்து அடித்ததால் முகம் தெரியவில்லை. முகத்தைப் பார்க்கக் கூடாது என்பதுதானே பாடம், கையைப் பார்த்தேன். இரண்டு கையும் ஒரு துண்டுக்கு அடியில் மறைந்திருந்தன.

"ஆர்லோ, கை சுடுது. கதவைப் பிடி" என்றாள்.

நான், "சொல்லு" என்றேன்.

எங்கள் நாய் டியூக் தரையில் வாலைத் தட்டிக்கொண்டிருந்தது. அந்த வீட்டில் ஆள் யார் என்று பார்த்துத் தெரிந்துகொண்ட ஒரே ஜீவன் அதுதான். இர்மா அசையவில்லை. "என் குரல் உனக்குத் தெரியலையா?" என்றாள். பிறகு என் கையில் இருந்ததைப் பார்த்தாள். துண்டுக்குள் இருந்த பீங்கான் பாத்திரம் விழுந்து உடைந்தது. எனக்காக அங்கே சாப்பிடாமல் எடுத்துவந்த பீன்ஸும் நூடுல்ஸும் நடைபாதை முழுவதும் சிதறின. அவள் கோட்டைக்கூடக் கழற்றாமல் வண்டிக்குத் திரும்பிப் போனாள். மறுநாள் நீ போன் செய்த பிறகுதான் உன் வீட்டில் இருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது.

இப்போது நீயே சொல். குழல் தரையைத்தான் பார்த்திருந்தது. விரல் விசைக்கு வெளியேதான் இருந்தது. பாடத்தில் நான் எதை மீறினேன்? அவள் உயிருக்கு ஒரு கணமும் ஆபத்து இருக்கவில்லை. சொல்லைச் சொல்லியிருந்தால் அந்த நல்ல பாத்திரமும் உடைந்திருக்காது. இதை அவளுக்கு நிதானமாக எடுத்துச் சொல். இந்த வாரமே அனுப்பி வை. வீடு சுத்தமாக இருக்கிறது, கோழிகள் முட்டையிடுகின்றன, பல் டாக்டர் சீட்டுக்கும் ஃப்ரிட்ஜில் இடம் ஒதுக்கியிருக்கிறேன்.

உன் முதுகையும் உன் கன்றுகளையும் இந்தக் குளிர்காலத்தில் ஆண்டவர் பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
உன் அக்காள் கணவன்
ஆர்லோ ஃபென்ஸ்கி

பின்குறிப்பு: பல் டாக்டர் சீட்டுக்காக ஃப்ரிட்ஜ் அட்டைகளைக் கழற்றினேன். கதவின் அடிப்பக்கம், நடைபாதையை ஒட்டி இருந்த அட்டையில் பீன்ஸ் குழம்பு தெறித்துக் காய்ந்திருந்தது. சுரண்டிப் பார்த்தால் விரலைப் பற்றிய அட்டை. என் கையெழுத்தேதான். மேலே எழுதியதில் இரண்டு பொய், டென்சில். குழல் தரையைப் பார்த்திருக்கவில்லை. அவளுடைய நீலக் கோட்டின் இரண்டாவது பொத்தானைப் பார்த்திருந்தது. அதை அவளும் பார்த்தாள், உன்னிடம் சொல்லியிருப்பாள். அவள் பார்க்காதது ஒன்று இருக்கிறது. அவள் வண்டி போன பிறகு துப்பாக்கியைக் கீழே வைக்க விசையிலிருந்து நான் விரலை வெளியே எடுக்க வேண்டியிருந்தது. குரல் தெரிந்தது எனக்கு. முதல் வார்த்தையிலேயே தெரிந்தது. தெரிந்த பிறகும் அந்த விரல் உள்ளேதான் இருந்தது. மூன்று வாரமாக நான் தூங்கவில்லை.

நீ அவளிடம் எதையும் எடுத்துச் சொல்ல வேண்டாம், அனுப்பவும் வேண்டாம். துப்பாக்கியை வெண்டலிடமே கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். ஃப்ரீஸரைப் பின்கட்டுக்கே தள்ளிவிட்டேன். முன் வரிசையில் இருந்ததிலேயே பெரிய துண்டு ஒன்றை எடுத்து ஐஸ் பெட்டியில் வைத்திருக்கிறேன். இந்தக் கடிதத்தை இன்றே தபாலில் போடுகிறேன், வியாழக்கிழமை அந்த இறைச்சியோடு நானே வருகிறேன். மத்தியானம் வருவேன். கதவை நீ திறக்காதே, இர்மாவை வரச்சொல். யாரென்று உள்ளிருந்து கேட்பாள். நான் என் பேரைச் சொல்லமாட்டேன், பூசணிக்காய் என்றுதான் சொல்வேன். அதற்குப் பிறகு திறப்பதும் திறக்காததும் அவள் இஷ்டம்.