அரை டிராயரில் பெண் பார்க்கப் போனது

நான் ஒரு முட்டாள். அடக்கத்துக்காகச் சொல்லவில்லை, என் வீட்டில் கேட்டால் சாட்சியோடு நிரூபிப்பார்கள். முட்டாள்களிலும் தரம் உண்டு. வழி தெரியாதவன் சாதாரண முட்டாள். வழி சொல்ல வந்தவருக்கே வழி சொல்லிக் கொடுப்பவன் உயர்தரம். எழுபதுகளின் திருவனந்தபுரத்தில் இந்த உயர்தரப் பிரிவில் எனக்குப் போட்டியே இல்லை.

அப்போது ஸ்ரீவராகத்தில் வீடு, ஓர் ஆபீஸில் குமாஸ்தா வேலை. ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிழக்கே மலைப்பக்கம் கிளம்பிவிடுவேன். தார் ரோடு எனக்கு ஆகாது. (அதில் யார் வேண்டுமானாலும் போகலாமே!) செம்மண்ணும் சரளையுமாகக் கிடக்கும் பாதைகளைக் 'கண்டுபிடிப்பது' என் பொழுதுபோக்கு. தலைமுறை தலைமுறையாக மாடுகள் நடந்த பாதையை நான் எப்படிக் கண்டுபிடிக்க முடியும் என்று கேட்காதீர்கள். திங்கட்கிழமை ஆபீஸில் அதை விஸ்தாரமாகச் சொல்வேன். பக்கத்து மேஜைக்காரர் வாயை மூடாமல் கேட்பார். கொட்டாவி.

இந்த லட்சணத்தில் என் ஜாதகத்தில் செவ்வாய் வேறு சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். அப்பா என் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு ஏறாத வீடில்லை. கடைசியில் ஆரியநாட்டுப் பக்கம் ஒரு கிராமத்தில், எஸ்டேட்டில் கணக்கெழுதி ஓய்வுபெற்றவரின் பெண் ஜாதகம் பொருந்தியது. அவர்களுக்கு இன்னொரு வரனும் வந்திருந்தது. "ஞாயித்துக்கிழமை நாலரைக்கு ராகுகாலம். அதுக்கு முன்னாடி பார்த்து முடிச்சுடணும். இல்லேன்னா அடுத்தவாளை வரச்சொல்லிடுவோம்" என்று கறாராகச் சொல்லிவிட்டார் பெண்ணின் அப்பா.

"இதுவும் தட்டிப்போச்சுன்னா நான் இனிமே ஒரு வாசப்படியும் ஏறமாட்டேன், கேட்டயா? முட்டி தேஞ்சு போச்சுடா" என்றார் அப்பா. கோபம்கூட இல்லை அந்தக் குரலில். வெறும் அலுப்பு.

கிளம்பும் நாளில் ஒரு சிக்கல். அப்பா, அம்மா, நான் என்று மூன்று பேர்.

"மூணு பேரா நல்ல காரியத்துக்குப் புறப்படப்படாது. அடுத்தாத்து மாமாவைக் கூப்பிடுங்கோ" என்றாள் அம்மா.

இங்கேதான் என் புத்தி வேலை செய்தது. "மாமா எதுக்கு? நீங்க ரெண்டு பேரும் பஸ்ல வாங்கோ. நான் சைக்கிள்ல குறுக்கு வழியா உங்களுக்கு முன்னாடி போய் நிப்பேன்."

"சைக்கிள்லயாக்கும் பெண் பார்க்கப் போறது?"

"அந்தப் பக்கத்து மண் ரோடெல்லாம் எனக்கு மனப்பாடம்மா."

ஜரிகை வேட்டியையும் வெள்ளைச் சட்டையையும் பையில் போட்டு கேரியரில் கட்டினேன். அரை டிராயரும் பனியனுமாகக் கிளம்பினேன். பெண் வீட்டுக்குப் பக்கத்தில் ஏதாவது புதர் மறைவில் மாப்பிள்ளையாக மாறிக்கொள்வதாகத் திட்டம்.

திருமலை தாண்டி, பேயாடு தாண்டி, சரளை ஆரம்பித்தது. அந்தப் பக்கத்துப் பாதைகளுக்கு ஒரு குணம். இறக்கம் வந்தால் சந்தோஷப்படக் கூடாது. அதற்கு வட்டியோடு அடுத்த ஏற்றம் காத்திருக்கும். மரச்சீனிக் கிழங்குத் தோட்டம், ஏற்றம், ரப்பர் தோட்டம், ஏற்றம், ஒரு டீக்கடை, மறுபடி ஏற்றம். யாரைக் கேட்டாலும் "தோ, அந்த வளவு கழிஞ்சா மதி சாரே" என்றார்கள், அதைத் தாண்டினால் போதும் என்பதுபோல. அந்த வளைவு கழிந்தால் அடுத்த வளைவு சிரித்துக்கொண்டு நின்றது. சைக்கிள் என்னைச் சுமந்ததைவிட நான் சைக்கிளைத் தள்ளியதுதான் அதிகம். கிளம்பும்போது பனியன் வெள்ளை. மத்தியானம் நானும் பனியனும் ரோடும் ஒரே நிறம்.

மூன்று மணி வாக்கில் பாதை இரண்டாகப் பிரியும் ஓர் இடத்துக்கு வந்தேன். கவட்டையில் ஓர் ஓட்டு வீடு. வாசலில் ஒரு பெண் சருகைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். 'பெண் பார்க்க வந்திருக்கேன், இன்னார் வீடு எங்கே' என்று அரை டிராயரில் நின்று கேட்க முடியுமா? மலையாளத்தில் பொதுவாகக் கேட்டேன்: "ஆரியநாட்டுக்கு எது குறுக்கு வழி?"

"ரெண்டும் இல்லை சாரே. ரெண்டும் ரப்பர் தோட்டத்தைச் சுத்தி இங்கதான் வரும். திரும்பிப் போனா பஸ் ரோடு" என்றாள்.

தண்ணீரும் கொடுத்தாள். குடித்துவிட்டு நான் சிரித்தேன். (அந்தச் சிரிப்பை இன்று நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.) "நான் இந்தப் பக்கத்து ரோடெல்லாம் அலசினவன். இடது பக்கம் கிழக்கே போறது, ஆரியநாடும் கிழக்கு" என்று விளக்கினேன். அவள் துடைப்பத்தை நிறுத்தி என்னை ஒரு முறை பார்த்தாள். பிறகு பெருக்கத் தொடங்கினாள்.

இடது பாதை கிழக்கே போயிற்று, தெற்கே திரும்பிற்று, ஒரு குன்றை நிதானமாக அணைத்துக்கொண்டு மேற்கே இறங்கிற்று. இறக்கத்தின் முடிவில் அதே ஓட்டு வீடு. அதே பெண். இப்போது வலது பக்கத்திலிருந்து வந்திருந்தேன்.

"தண்ணி வேணுமா?" என்றாள்.

"வேண்டாம். இந்தப் பக்கத்தையும் பார்க்கணும்னுதான் சுத்தி வந்தேன்" என்றேன். அவளைத் தாண்டிப் பஸ் ரோட்டுக்குத் திரும்ப மானம் இடம் கொடுக்கவில்லை. எதிரே ஆற்றுப் பக்கம் இறங்கும் ஒற்றையடிப் பாதையில் சைக்கிளை விட்டேன்.

"அது துணி துவைக்கப் போற வழி!" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. உண்மைதான். பாதை துவைக்கிற கல்லில் முடிந்தது; என் சைக்கிள் முடியவில்லை. நான் கல்லில் நின்றுவிட்டேன். சைக்கிள் ஆற்றில் இறங்கியது. சைக்கிளை மீட்டேன். ஜரிகை வேட்டி பையோடு திருவனந்தபுரத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது, தார் ரோட்டைவிடச் சுகமான வழியில்.

முன் சக்கரம் எட்டாக வளைந்திருந்தது. சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு, சொட்டச் சொட்ட மேலே ஏறினேன். மூன்றாம் தடவையாக அந்த ஓட்டு வீடு. வாசலில் இரண்டு ஜோடிச் செருப்பு. உள்ளேயிருந்து மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டே வெளியே வந்தவர் என் அப்பா.

என்னைப் பார்த்தார். சைக்கிளைப் பார்த்தார். "நாலு அடிச்சாச்சுடா" என்று மட்டும் சொல்லிவிட்டு, தூணைப் பிடித்தபடி மெதுவாக உட்கார்ந்தார். திட்டியிருந்தால் தேவலை.

பெண்ணின் அப்பா நல்ல மனிதர். ஒன்றும் கேட்காமல் தன் வேட்டி ஒன்றைக் கொடுத்தார். அவர் குள்ளம். அவர் வேட்டி என் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே வந்து நின்றுவிட்டது. காதுக்குள் செம்மண்ணோடு பாயில் உட்கார்ந்தேன். அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. ஏத்தங்காய் வறுவலும் காப்பியும் எடுத்துக்கொண்டு வந்து நின்றவள், நீங்கள் நினைப்பவள்தான்.

"விஜயம், பையனை நன்னா பார்த்துக்கோம்மா" என்றார் அவள் அப்பா.

"ரெண்டு தடவை பார்த்தாச்சு அப்பா."

கூடத்துச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். நாலு இருபது. அப்பா கண்ணை மூடிக்கொண்டார். அடுத்த வாசற்படிகளை எண்ணியிருக்க வேண்டும். பெண்ணின் அப்பா அவளை உள்ளே அழைத்துப் போனார். என்ன பேசினார்களோ. ராகுகாலத்துக்கு மூன்று நிமிஷம் இருக்கும்போது வெளியே வந்தார். "அவளுக்குச் சம்மதமாம்" என்றார், தனக்கே நம்பிக்கை இல்லாத குரலில். அப்பாவின் கை தூணைத் தேடியது.

அன்று திரும்பும்போது சைக்கிளோடு சேர்ந்து நாங்கள் நான்கு பேர் என்று அம்மா கணக்கு வைத்துக்கொண்டாள். பஸ் கூரையில் அதுதான் சௌகரியமாக வந்தது.

கல்யாணமாகி இத்தனை வருஷத்துக்குப் பிறகும், நான் செருப்பை மாட்டினால் போதும், என் பெண்ணோ அவள் புருஷனோ "தண்ணி வேணுமா?" என்று கேட்பார்கள். ஏன் சரி என்று சொன்னாள் என்று விஜயத்திடம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். பதில் வந்ததில்லை.

போன மாதம் பெண் ஒரு கியர் சைக்கிள் வாங்கினாள். மலைப் பாதைக்கென்றே செய்த தடித்த டயர். வாசலில் அதைத் தடவிப் பார்த்தபோது பழைய வியாதி தலைதூக்கியது.

"விஜயம், அன்னிக்கு என்கிட்ட மாத்திரம் இது இருந்திருந்தா, ரெண்டு மணிக்கே போய்ச் சேர்ந்திருப்பேன்" என்றேன்.

அவள் முருங்கைக்கீரையிலிருந்து தலையை எடுக்கவில்லை.

"ஆமாம், வேற எங்கயாவது."