உங்கள் தங்கை மகள் ஆளும் விமான நிலையம்

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

நாங்கள் மகன் வீட்டுக்கு நலமாக வந்து சேர்ந்தோம். தங்கள் வீட்டாரும் தங்கள் முழங்காலும் நலமா?

நிற்க. என் மகளுக்கு விமான நிலையத்தில் வேலை கிடைத்தபோது, "அதெல்லாம் ஒரு ஊரா? யாரும் தங்குறதில்ல, பிளேன் மாறிட்டுப் போயிட்டே இருக்காங்க" என்றீர்களே, அந்த ஊரைக் கண்ணால் பார்த்துவிட்டேன். மருமகளுக்குப் பிரசவம் என்று கிளம்பிய நாங்களும் அங்கேதான் விமானம் மாற வேண்டியிருந்தது. சின்ன ஊர்களுக்கு நேர் விமானம் விட்டால் பாதி காலியாகப் பறக்குமாம். எல்லோரையும் ஓரிடத்தில் சேர்த்து, திசைவாரியாகப் பிரித்து அனுப்பினால்தான் கட்டுப்படியாகுமாம். அப்படிப் பிரித்து அனுப்பும் மேசையில் உட்கார்ந்திருப்பது யார்? நம்ம பொண்ணு!

நாங்கள் இறங்கியதும் இடியோடு மழை, ஓடுபாதையை மூடிவிட்டார்கள், மழையில் மாட்டிய பத்து நாட்டு ஆட்கள் பையைத் தலைக்கு வைத்துப் படுத்துவிட்டார்கள், அவள் மேசைமுன் வந்து கத்தினார்கள், அழுதார்கள், ஒருவர் தன் ஆளுயர வாத்தியத்துக்கு ஜன்னலோர இருக்கை கேட்டார், இவளோ குரலை உயர்த்தவே இல்லை. மழை விட்டு எங்கள் விமானமும் எங்களை விட்டுவிட்டுக் கிளம்பிய பிறகு எங்கள்முன் வந்து நின்றாள்.

"அப்பா, கோச்சுக்காதீங்க. உங்க ரெண்டு சீட்டையும் ஒரு அக்கா தம்பிக்குக் குடுத்துட்டேன். அவங்க அம்மா ஆஸ்பத்திரியில ரொம்ப முடியாம இருக்காங்க."

"அடியே, குழந்தை பொறக்குறப்ப நான் பக்கத்துல இருக்க வேண்டாமா?" என்று உங்கள் தங்கை எகிறினாள். அப்புறம் அவளே மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் பேத்தி பிறந்துவிட்டாள். ஆனால், "அம்மா கண்ணைத் திறந்து எங்களைப் பார்த்தாங்க" என்று அந்த அக்காவிடமிருந்து மகளுக்குச் செய்தி வந்தது. பெற்றவனுக்கு இதைவிட என்ன வேண்டும், சொல்லுங்க?

தங்கள் வீட்டில் என்னைவிட மூத்தவர்களுக்கு வணக்கம், இளையவர்களுக்கு ஆசி, என் வயதுக்காரரான தங்களுக்கு இரண்டும்.

இப்படிக்கு,
தங்கள் தங்கையின் கணவன்

பி.கு.: இதை மகளுக்குப் போனில் படித்துக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தாள். "அப்பா, உங்க சீட்டை நான் புடுங்கல. நீங்க வேற பிளேனுக்கான வாசல்ல உட்கார்ந்து பக்கத்துல இருந்தவர்கிட்ட என் பெருமையைப் பேசிட்டிருந்தீங்க. அம்மா தூங்கிட்டாங்க. மைக்குல கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓஞ்சுபோயி, கடைசியிலதான் அவங்களை ஏத்தினோம். அம்மாகிட்ட நீங்க மாட்டிக்கக் கூடாதேன்னு பழியை என் தலையில போட்டுக்கிட்டேன்." ஆகவே, இந்தப் பின்குறிப்பை மட்டும் கிழித்துவிட்டு, மேலே உள்ளதை எல்லோருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டவும்.