மூன்று இருமலும் ஒரு ‘மக்கா’வும்

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் இருபத்துநாலாவது வயது வரைக்கும், வானொலி நாடகத்தில் அழுகிறவர்கள் நிஜமாகவே அழுகிறார்கள் என்று நம்பிக்கொண்டிருந்தேன். பெட்டிக்குள் ஆள் உட்கார்ந்திருக்கிறான் என்று நம்புகிற அளவுக்கு மடையன் இல்லை. (அந்த மடையர் என் மாமா. பெட்டியின் முதுகை இரண்டு தடவை கழற்றிப் பார்த்தார்.) எங்கோ தூரத்தில் ஒரு பெண் வாரம் தவறாமல் கண்ணீரும் மூக்குமாக அழுது தீர்க்கிறாள், பக்கத்தில் இருக்கிற பாவிகள் ஒருத்தராவது அவளைத் தேற்றுவதில்லை என்பதுதான் என் நம்பிக்கை.

அவள் பெயர் மங்களம். நாடகத்தில்தான். நாஞ்சில் நாடு இன்னும் திருவிதாங்கூர்-கொச்சியோடு ஒட்டிக்கொண்டிருந்த காலம் அது. புதன்கிழமை மத்தியானம் ஒன்றரை மணிக்கு, பெண்களுக்கான நிகழ்ச்சியில், மங்களம் மாமியாரிடம் படுகிற பாடு அரை மணி நேரம் ஒலிபரப்பாகும். அந்த அரை மணி நேரம் கொட்டாரம் கடைகளில் ஒரு தீப்பெட்டிகூட வாங்க முடியாது. நடவுக்கு வருகிற பெண்கள், புதன்கிழமை ஒன்றேகாலுக்குக் கரையேறிவிடுவோம் என்று முதலிலேயே பேசி முடித்துக்கொண்டுதான் நாற்றில் கை வைத்தார்கள். ஒரு வாரம் மங்களத்துக்கு மாமியார் சோறு போடவில்லை. மறுநாள் எங்கள் தெருவில் மூன்று மாமியார்கள் மருமகளுக்கு முதலில் பரிமாறிவிட்டுத் தாங்கள் பிறகு சாப்பிட்டார்கள், ஊர் தங்களையும் அந்தப் பட்டியலில் சேர்த்துவிடக் கூடாதே என்று.

சினிமா நட்சத்திரத்துக்கு முகம் உண்டு. அதில் குற்றம் கண்டுபிடிக்கலாம். மங்களத்துக்கு முகமே கிடையாது. ஆளாளுக்குப் பிடித்த முகத்தை அவளுக்கு மாட்டிக்கொள்ள வசதியாக இருந்தது. அந்த வசதியில்தான் நான் போய் விழுந்தேன்.

நாகர்கோவிலில் ஒரு ஜவுளிக்கடையில் துணி மடிக்கிற வேலை எனக்கு. கடையில் இளம்பச்சைச் சேலை ஒரு கட்டு, வருஷக்கணக்காக விலை போகாமல் கிடந்தது. ஒருநாள் ஓர் அம்மாள் அதைத் தொட்டுவிட்டுக் கையை எடுக்கப்போன சமயம், என் வாயில் சனி உட்கார்ந்தான். “மங்களம் உடுத்துகது இந்தச் சேலையாக்கும்” என்றேன். அந்த அம்மாள் எடுத்த கையைத் திரும்ப வைத்தார். நாலு நாளில் கட்டு காலி. வானொலியில் வருகிறவள் என்ன நிறத்தில் உடுத்துகிறாள் என்று இவனுக்கு எப்படித் தெரியும் என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

ஒருத்தர் கேட்டார். என் அத்தை.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை, கொட்டாரத்தில் பலசரக்குக் கடை வைத்திருந்த மாமாவின் மனைவி. வானொலிப் பெட்டி அந்தக் கடையில்தான் இருந்தது. அவர்கள் மகள் நீலம்மை எனக்கு முறைப்பெண். துணி மடிக்கிறவனுக்குப் பெண்ணைக் கொடுக்க அத்தைக்கு மனசில்லை. பூதப்பாண்டியில் ஒரு பள்ளிக்கூட வாத்தியாரைப் பார்த்து வைத்திருந்தார். அப்படி இருந்தும் பச்சைச் சேலையில் ஒன்று அவரிடமும் வந்து சேர்ந்திருந்தது. உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டதும், ஒரு பொய்யைத் தாங்கிப் பிடிக்க இன்னொன்றை முட்டுக்கொடுத்தேன். வானொலி நிலையத்தில் எனக்கு ஆள் உண்டு, நாடகத்தில் நடிக்க என்னையே கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள், நான்தான் கடையில் லீவு இல்லாமல் போகவில்லை என்று சொன்னேன்.

அத்தை சிரிக்கவில்லை. “செரி. உனக்க சத்தம் இந்தப் பெட்டியில வரட்டும். வந்தா நீலம்மை உனக்கு. வரல்லேன்னா வாத்தியாருக்கு. சித்திரைய நான் தாண்டமாட்டேன் கேட்டியா.”

கதவுக்குப் பின்னால் நின்ற நீலம்மை என்னைப் பார்த்த பார்வையில் நம்பிக்கை இல்லை. பரிதாபம் இருந்தது. அதுதான் என்னைக் கிளப்பியது.

நிலையத்துக்குப் பதினோரு கடிதம் எழுதினேன். பதில் இல்லை. மாசியும் போய்ப் பங்குனியும் பாதி போனது. நேந்திரங்காய் வறுத்த உப்பேரி ஒரு டின்னும் மாற்று வேட்டி ஒன்றுமாகப் பஸ் ஏறினேன். ஆரல்வாய்மொழி எல்லைச் சாவடியில் டின்னைத் திறந்து பார்த்து, தின்றும் பார்த்து, கடத்தல் இல்லை என்று உறுதி செய்தார்கள். திருநெல்வேலியில் ரயில் பிடித்து ஒருவழியாக அந்தப் பெரிய ஊரை அடைந்தேன். (எந்த ஊர் என்று சொல்லமாட்டேன். அங்கே இன்னும் என்னைத் தேடிக்கொண்டிருக்கலாம்.)

நிலையத்து வராந்தாவில் மூன்று நாள் உட்கார்ந்திருந்தேன். காவலாளி விரட்டுவார், கேட்டுக்கு வெளியே போய்த் திரும்ப வருவேன். இரண்டாம் நாள் ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளாமல் சளி பிடித்து, இருமல் தொடங்கியது. மூன்றாம் நாள் காலை நான் இருமிய இருமலில் உள்ளேயிருந்து ஒரு கதவு திறந்தது. நாடகத்தை நடத்துகிற அதிகாரி வெளியே வந்து, யார் இருமியது என்று கேட்டார். மன்னிப்புக் கேட்க எழுந்தேன்.

“இன்னொரு தடவை இருமுங்க” என்றார்.

விஷயம் இதுதான். மங்களத்தின் அப்பா நோயாளி. உள்ளறையில் படுத்தபடி வாரா வாரம் இருமுவதைத் தவிர அவருக்கு வேலை இல்லை. அந்தப் புதன்கிழமை மூன்று இருமல் இருமிச் சாக வேண்டிய நடிகர், சொந்த மகள் கல்யாணத்துக்கு லீவில் போய்விட்டார். வேறு ஆளைத் தேடிக்கொண்டிருந்த சமயத்தில், வராந்தாவில் என் நுரையீரல் விண்ணப்பம் போட்டிருக்கிறது.

இருமலோடு இரண்டு வரி வசனமும் பேசட்டுமா என்று கெஞ்சினேன். பேசிக்காட்டச் சொன்னார். பேசினேன். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, “நீங்க பேசுறது பாட்டு மாதிரி இருக்கு தம்பி. இந்த அப்பா தஞ்சாவூர்க்காரர். நீங்க இருமினாப் போதும். இருமலுக்கு ஊர் கிடையாது” என்றார்.

அன்றே அத்தைக்கு ஓர் அட்டை எழுதிப் போட்டேன்: வருகிற புதன்கிழமை பெட்டியில் என் சத்தம் வரும். என்ன சத்தம் என்று எழுதவில்லை. எழுதக் கை கூசியது.

செவ்வாய்க்கிழமைதான் புத்தியில் உறைத்தது. இருமலைக் கேட்டு இன்னாருடையது என்று யார் சொல்ல முடியும்? அத்தை என்ன, பெற்ற தாயே சத்தியம் செய்யமாட்டாளே. பயத்தில், தங்கியிருந்த விடுதிக்காரர் கொடுத்த மிளகுப்பாலை இரண்டு டம்ளர் குடித்தேன். புதன்கிழமை விடிந்தபோது நெஞ்சு தெளிந்த ஓடை மாதிரி இருந்தது. இருமல் போயே போய்விட்டது.

அந்தக் காலத்தில் நாடகத்தைப் பதிவு செய்து வைத்துப் போடுகிற வழக்கம் இல்லை. பேசப் பேச அப்படியே காற்றில் போகும். உள்ளறையிலிருந்து வருவதுபோலக் கேட்க வேண்டும் என்று என்னை ஒரு கனத்த திரைக்குப் பின்னால் நிறுத்தினார்கள். திரைக்கு அந்தப் பக்கம் மங்களம். திரையின் ஓரத்து இடுக்கில் அதிகாரியும் மற்றவர்களும் தெரிந்தார்கள், அவர் மட்டும் தெரியவில்லை. சிவப்பு விளக்கு எரிந்தது. அதிகாரி விரலைக் காட்டினார்.

முதல் இருமல், ஆட்டுக்குட்டி தும்மினதுபோல வந்தது. அதிகாரியின் புருவம் ஏறியது. இரண்டாவதற்குத் தொண்டையை நானே இறுக்கிக்கொண்டு இழுத்தேன், அது பரவாயில்லை. மூன்றாவதில் வாத்தியாரும் நீலம்மையும் மணவறையில் இருப்பது கண்ணில் தெரிந்தது. நிஜமாகவே உயிர் போகிற இருமல் ஒன்று வந்தது. அதிகாரி கட்டைவிரலை உயர்த்தினார். நான் செத்தேன். என் வேலை முடிந்தது.

அப்போதுதான் மங்களம் அழ ஆரம்பித்தார்.

மாமா கடையில் அந்தப் பெட்டி வழியாக வரும்போதே நெஞ்சைப் பிசைகிற அழுகை அது. இங்கே ஆறடி தூரத்தில், பெட்டியும் கம்பியும் இல்லாமல், நேராகக் காதுக்குள் வந்தது. ‘அப்பா, என்னை யார்கிட்ட விட்டுட்டுப் போறீங்க’ என்று ஒரு கேள்வி. யாரும் பதில் சொல்லவில்லை. இன்னொரு தடவை கேட்டார். அறையில் இருந்த அத்தனை பேரும் மரம் மாதிரி நிற்கிறார்கள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இத்தனை வாரமாக இவளை யாரும் தேற்றுவதில்லை என்று நான் கொதித்தது சரிதான் என்று பட்டது. அடுத்தது என் குரல் என்பதே எனக்குக் கொஞ்சம் கழித்துத்தான் தெரிந்தது.

“கரையாத மக்கா. நான் இங்கதான நிக்கேன்.”

எங்கள் பக்கம் மக்கா என்றால் பிள்ளை, கரைவது என்றால் அழுவது. தமிழ்நாட்டில் மற்ற ஜனங்களுக்கு அது சர்க்கரை செய்கிற காரியம். தஞ்சாவூர்க்காரர் ஒருவர், செத்து அரை நிமிஷம் கழித்து, கொட்டாரத்துத் தமிழில், மகளைக் கரைய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். தான் நின்றுகொண்டிருப்பதாக வேறு தெரிவித்தார்.

அதிகாரியின் முகம் வெளிறிப்போனது. பின்னணிக்கு உட்கார்ந்திருந்த வீணைக்காரர் வீணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். காப்பாற்றியது மங்களம்தான். ஒரு மூச்சுகூட விடாமல், எழுதிவைத்த தாளில் இல்லாத ஒரு வரியை அழுகையோடு அழுகையாகச் சேர்த்தார்: “அப்பா… உங்க குரல் இன்னும் என் காதுலயே கேட்குதேப்பா!” வீணை ஒலித்தது. விளக்கு அணைந்தது.

அதிகாரி திரையை விலக்கிக்கொண்டு வந்தார். திட்டவில்லை. “இருமலுக்கு ஊர் கிடையாதுன்னு சொன்னேன். நீ ஊரையே கூட்டிட்டு வந்துட்டியே” என்று மட்டும் சொன்னார். நான் அவருக்குக் கொடுத்திருந்த உப்பேரி டின்னைத் திருப்பிக் கையில் கொடுத்தார்.

நான் கொட்டாரம் பஸ்ஸிலிருந்து இறங்கியபோது வெள்ளிக்கிழமை மத்தியானம். கடைவாசலில் அத்தை நின்றார். தலையில் ஈரத்துணி.

“ஏலே தாணு, நீ ஏம்ல செத்த?”

“நான் சாகல்ல அத்தை. மங்களத்துக்க அப்பாவாக்கும் செத்தது.”

“உயிரு உனக்க தொண்டை வழியாத்தான போச்சு. நானும் கேட்டேன், ஊரும் கேட்டுது. மக்கான்னு பறஞ்சதும் நீலம்மை கரைஞ்ச கரைச்சல நீ பாக்கணும். நான் மூணு நாளா கிணத்தடியில போய்த் தலைக்கு ஊத்துகேன்.”

சத்தம் வந்ததா, இல்லையா என்று தைரியத்தைத் திரட்டிக் கேட்டேன்.

“வந்துது. வாத்தியாருக்கு ஆள் விட்டுச் சொல்லியாச்சு. பேசினது பேசினதுதான், பொண்ணு உனக்குத்தான். ஆனா துட்டி விழுந்த வருசம். மங்களத்துக்க அப்பனுக்கு ஆண்டு கழியாம இந்த வீட்டுல கல்யாணம் கிடையாது.”

மாமா வாதாடிப் பார்த்தார். நானும் வாதாடினேன், அந்தத் தகப்பனே நான்தான், எனக்கு நானே சாவுத்துட்டி காப்பதா என்று கேட்டேன். செத்தவன் பேச்சை ஒரு தடவை கேட்டதே போதும் என்று அத்தை உள்ளே போய்விட்டார். அப்படியாக, இல்லாத ஒரு மனிதர் இறந்ததற்காக என் கல்யாணம் முழுசாக ஒரு வருஷம் தள்ளிப்போனது. அடுத்த சித்திரையில்தான் நடந்தது.

நிலையத்துக்கு அந்த வாரம் கடிதம் குவிந்ததாம். பின்னால் கேள்விப்பட்டேன். ஒரு தமிழ்ப் பண்டிதர், உடல் கரையும், ஆன்மா கரையாது என்ற தத்துவத்தைத் தந்தையின் ஆவி ஒரே சொல்லில் உணர்த்திவிட்டது என்று நாலு பக்கம் பாராட்டி எழுதியிருந்தாராம்.

எங்கள் வீட்டில் இன்றைக்கும் யாராவது அழுதால், அது பரீட்சைத் தோல்வியோ பல்வலியோ, மற்றவர்கள் சேர்ந்து சொல்வது ஒன்றுதான்: “கரையாத மக்கா, நான் இங்கதான நிக்கேன்.” என் மகள் ஒரு படி மேலே போய், “அப்பா, ஒங்களுக்க காலம் வரும்போ, தயவு செஞ்சு பேசாம கிடக்கணும்” என்று இப்போதே கையடித்து வாங்கிவைத்திருக்கிறாள்.

அத்தைக்கு எண்பது நெருங்குகிறது. அந்தப் பச்சைச் சேலை இன்னும் அவர் பெட்டியில் இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு தடவையாவது என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, “அந்தப் புள்ள அண்ணைக்கு நெசமாவே கரைஞ்சாளாலே? இந்த நெறச் சேலைதான உடுத்திருந்தா?” என்று கேட்பார். ஆமா அத்தை, ஆமா என்று இருபது வருஷமாகச் சொல்லிவருகிறேன். இதை நீலம்மை அவருக்கு வாசித்துக் காட்டமாட்டாள் என்ற நம்பிக்கையில் இங்கே எழுதிவிடுகிறேன்.

அதிகாரி திரையை விலக்கியபோது மங்களத்தைப் பார்த்தேன். ஐம்பது வயது இருக்கும். ஒரு கையால் வசனத்தாளை மடித்துக்கொண்டே, மறு கையால் மூக்குக்கண்ணாடியை முந்தானையில் துடைத்துக்கொண்டிருந்தார். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. முந்தானை காப்பிப்பொடி நிறம்.