சட்டென வெளியேறும் பொத்தானை நீக்கக் கோரி

நான் இதுவரை முகம் பார்த்திராத, ஆனால் என் வீட்டுக்குள் அன்றாடம் வந்துபோகிற இளையோர் ஆலோசனை இணையதளத்தின் ஆசிரியர் அவர்களுக்கு, பெயிண்ட் கடைக்காரன் ஒருவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

நானும் என் மனைவியும் நலம். கடையும் நலம். என் மகன் நலமா என்பது மட்டும் எனக்குத் தெரியவில்லை. அது தங்களுக்குத்தான் தெரியும் போலிருக்கிறது, அதனால்தான் இந்தக் கடிதம்.

விஷயம் வானிலையில் ஆரம்பித்தது. பள்ளிப்படிப்பின் கடைசி வருஷத்தில் இருக்கிற என் மகன் சில மாதங்களாக எந்நேரமும் கைப்பேசியும் கையுமாக இருக்கிறான். நான் அறைக்குள் நுழைந்தால் திரையில் மேகப் படம். சாப்பாட்டு மேசைப் பக்கம் போனால் காற்றின் வேகம். மாடிப்படியில் எதிரே வந்தால் ஈரப்பதம். வேறு பிள்ளைகள் எதையெதையோ பார்த்துக் கெட்டுப்போகிற காலத்தில் நம் பிள்ளை மழையைப் பற்றி இப்படித் துருவித் துருவிப் பார்க்கிறானே என்று எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. சும்மா இருப்பேனா? மேகங்களைப் பற்றி ஒரு தடிமனான புத்தகம் வாங்கிக் கல்லாவுக்கு அடியில் வைத்துப் படித்தேன். மைத்துனரிடம் பேச்சுவாக்கில், "பையன் வானிலை விஞ்ஞானி ஆகப்போறான்" என்று சொல்லியும் வைத்தேன். அவர் அதை ஊரெல்லாம் தண்டோரா போடாத குறை. ஒரு நாள் மகனிடமே, "இன்னைக்குக் காத்து எந்தப் பக்கம்ப்பா?" என்று கேட்டேன். "தெரியலப்பா" என்றான். "இப்பத்தானே பார்த்துக்கிட்டிருந்த?" என்றேன். கைப்பேசியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ம்... அடிக்குதுப்பா" என்றான்.

என் மனைவிக்கு ஆரம்பத்திலிருந்தே நம்பிக்கை இல்லை. "மழை வருதான்னு நாள் பூரா பார்க்கிற பிள்ளை, கொடியில கிடக்கிற துணியை ஒரு தடவையாவது எடுத்து உள்ள போட்டிருக்கானா? நேத்துகூட உங்க சட்டை ரெண்டும் நனைஞ்சு தொங்குது" என்றாள். கேள்வி நியாயமாகத்தான் பட்டது. அதன்பிறகு எனக்கு மண்டைக்குடைச்சல் தாங்கவில்லை. ஒரு சாயங்காலம் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் பூனை மாதிரி அவன் பின்னால் போய் நின்றேன். பெரிய பெரிய எழுத்தில் தங்கள் இணையதளத்தின் பெயர் இருந்தது. மூலையில் 'சட்டென வெளியேறு' என்று ஒரு பொத்தான் இருந்தது. நான் மூச்சு விட்டது கேட்டதோ என்னவோ, அவன் கட்டைவிரல் அந்தப் பொத்தானில் பட்டது, அவ்வளவுதான், திரை முழுக்க மேகம்!

ஐயா, என் நிலைமையை நினைத்துப் பாருங்கள். இத்தனை நாளும் நான் படித்த புத்தகம், மைத்துனரிடம் அளந்த அளப்பு, எல்லாம் அந்த ஒரு பொத்தானின் வேலை.

மறுநாள் கடைக் கணினியில் தங்கள் தளத்தைத் திறந்தேன். வேவு பார்க்க என்று சொல்ல மாட்டேன், ஆவல்தான். வாலிபப் பிள்ளைகள் அப்படி என்னதான் கேட்கிறார்கள், அதற்கு நீங்கள் என்னதான் சொல்கிறீர்கள் என்று பார்க்க உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை. தூக்கம் வராதது பற்றி இருக்கிறது. நண்பன் பேசாமல் போனது பற்றி இருக்கிறது. வீட்டில் சண்டை என்றால் என்ன செய்வது என்று இருக்கிறது. எல்லாம் சின்னச் சின்ன வாக்கியம். ஒரு வாக்கியத்தைப் படித்து முடித்தால் அடுத்ததைப் படிக்கலாம் போலவும் இருக்கிறது, நிறுத்தி யோசிக்கலாம் போலவும் இருக்கிறது. இப்படி எழுத யார் கற்றுக்கொடுத்தார்கள்? வேலையை விட்டுவிட்டு நான் படித்துக்கொண்டே போனதில் காது படம் போட்ட ஒரு பொத்தானைத் தெரியாமல் அழுத்திவிட்டேன். அது வாசித்துக் காட்டுகிற பொத்தானாம். கடையில் நாலைந்து பேர் நிற்கும்போது கணினி கணீரென்று, "உன் உடம்பு மாறுகிறது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை" என்று ஆரம்பித்துவிட்டது. எப்படி நிறுத்துவது என்று தெரியாமல் நான் திரையைக் கையால் மறைத்தேன். சத்தத்தைக் கையால் மறைக்க முடியுமா? பிரஷ் வாங்க வந்த ஒரு பெரியவர் மட்டும், "நிறுத்தாதீங்க, இன்னும் கொஞ்சம் சத்தமா வைங்க, எங்க காலத்துல இதையெல்லாம் யாரு சொன்னாங்க?" என்று முன்னால் வந்து நின்றுகொண்டார்.

கூட்டம் கலைந்ததும், 'எங்களிடம் கேள்' என்ற இடத்தில் நானும் ஒரு கேள்வி போட்டேன். வயது கேட்டது. பதினேழு என்று போட்டேன். பொய்தான், ஒப்புக்கொள்கிறேன். "சமூகத்தின் மேன்மை கருதித் தாங்கள் ஆற்றிவரும் அரும்பணி கண்டு அகமகிழ்கிறேன். நிற்க. பெற்றோர் அறியாமல் பிள்ளைகள் தங்களிடம் கேட்பவற்றைத் தந்தையர் அறிய வழியுண்டா?" என்று எழுதினேன். தங்கள் ஆலோசகரிடமிருந்து உடனே பதில்: "வணக்கம். நீங்க அப்பாவா இருந்தாலும் பரவாயில்லை, பேசலாம்." எப்படிக் கண்டுபிடித்தார் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. என் மகன் என்ன கேட்டான் என்று கேட்டேன். "அதைச் சொல்ல முடியாதுங்க. கேட்கிறவங்க யாருன்னே எங்களுக்குத் தெரியாது. அவர்கிட்டயே கேட்டுப் பார்த்தீங்களா?" என்றார். "அவன்கிட்ட கேட்க முடிஞ்சா உங்ககிட்ட எதுக்கு வர்றேன்?" என்றேன். "கேட்டா என்ன செய்றார்?" என்றார். "வானிலை காட்டுறான்" என்றேன். அந்தப் பக்கம் அவர் சிரித்திருப்பார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் முன்னெல்லாம் இப்படி இல்லை. பள்ளி விட்டதும் நேராகக் கடைக்கு வந்து டப்பா அடுக்குவான், வாய் ஓயாமல் பேசுவான். ஒரு முறை வாடிக்கையாளர் இலைப்பச்சை கேட்டதற்கு இவன் எதையோ கலந்து கொடுத்து, அவர் வீட்டுப் படுக்கையறை சேற்று நிறத்தில் வந்து நின்றது. அவர் கடைக்கே வந்து கத்தினார். நானும் எல்லார் முன்னாலும் இவனை, "கண்ணை எங்கடா வெச்சிருந்த?" என்று ஒரு பிடி பிடித்துவிட்டேன். அன்றிலிருந்து கடைப்பக்கம் வருவதில்லை. பேச்சும் குறைந்துவிட்டது. பிள்ளைக்கு மனதில் ஏதோ இருக்கிறது, அது என்ன என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆகவே தங்களை வேண்டிக்கொள்வது: அந்தப் பொத்தானை அடியோடு எடுத்துவிடுங்கள். பெற்ற தகப்பன் அருகில் வந்தால் தங்கள் இணையப் பக்கம் திரையில் அசையாமல் நிற்க வேண்டும். கூடவே, தொழில் முறையில் ஒரு சொல். தங்கள் தளத்தில் நிறமே இல்லை. வெள்ளைமேல் கறுப்பு, கறுப்புமேல் வெள்ளை, ஒவ்வொரு பொத்தானுக்கும் தடித்த கோடு, அதில் ஒரு படம், படம் போதாதென்று பக்கத்தில் ஒரு சொல். பார்க்க ஆஸ்பத்திரிச் சுவர் மாதிரி இருக்கிறது. வாலிபப் பிள்ளைகள் வருகிற இடம் குளுகுளுவென்று இருக்க வேண்டாமா? இளம்பச்சையில் பின்னணி, அதன்மேல் கொஞ்சம் அழுத்தமான பச்சையில் எழுத்து. பயப்பட வேண்டாத விஷயத்துக்குப் பச்சைப் புள்ளி, உடனே உதவி தேட வேண்டியதற்குச் சிவப்புப் புள்ளி, சொல்லே தேவையில்லை. நிறத்தைத் தேர்ந்தெடுப்பதில் என்னை மிஞ்ச இந்த வட்டாரத்தில் ஆளில்லை. நிற அட்டைகளை இத்துடன் அனுப்புகிறேன், இலவசம்.

தாங்களும், பொறுமையே உருவான அந்த ஆலோசகரும், அவரவர் வீட்டுப் பிள்ளைகளும் மனம் விட்டுப் பேசி, வயிறாரச் சாப்பிட்டு, நிம்மதியாகத் தூங்கி நெடுநாள் வாழ்க.

இப்படிக்கு,
வானிலை விஞ்ஞானியின் தகப்பன் என்று கொஞ்ச காலம் சொல்லிக்கொண்டவன்

பின்குறிப்பு: மேலே எழுதியது எதையும் செய்துவிடாதீர்கள். நிற அட்டைகளை உறையிலிருந்து எடுத்துவிட்டேன்.

உறையில் முகவரி எழுதுவதற்காகத் தங்கள் தளத்தை இன்னொரு முறை திறந்தேன். வந்த வேலையை விட்டுவிட்டு, வீட்டில் பேச்சு நின்றுபோனால் என்ன செய்வது என்கிற பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகளுக்காக எழுதியதுதான், ஆனால் எனக்கும் பொருந்தியது. அப்போது மகன் கடைக்குள் வந்தான். அம்மா சாவி வாங்கிவரச் சொன்னாளாம். ஐயா, என் கை என் பேச்சைக் கேட்கவில்லை. தானாகப் போய் அந்தப் பொத்தானை அழுத்திவிட்டது. திரை முழுக்க மேகம்.

அவன் திரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "அப்பா, என்ன பார்த்துக்கிட்டிருந்தீங்க?" என்றான். "மழை வருமான்னு..." என்று இழுத்தேன். எத்தனையோ மாதம் கழித்து என் பிள்ளை வாய்விட்டுச் சிரித்தான். "நானும் அதைத்தானேப்பா சொல்லிக்கிட்டிருந்தேன்" என்றவன், ஒரு பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு என் எதிரே உட்கார்ந்தான். சாவி வாங்க வந்ததை மறந்தே போனான்.

அவனுக்குப் பச்சையும் பழுப்பும் ஒரே மாதிரிதான் தெரிகிறதாம். சிவப்பும் பல நேரம் அந்தக் கூட்டத்தோடு சேர்ந்துகொள்கிறதாம். பிறவியிலேயே சில பேருக்கு அப்படி இருக்கும், யார் குற்றமும் இல்லை என்று தங்கள் தளத்தில்தான் தெரிந்துகொண்டானாம். பெயிண்ட் கடைக்காரன் பிள்ளை இதை எந்த வாயால் சொல்வது என்று பயந்துகொண்டிருந்திருக்கிறான். தங்கள் பொத்தான்களில் சொல்லும் படமும் ஏன் இருக்கின்றன என்று அப்போதுதான் என் மரமண்டைக்கு உறைத்தது. (அவனிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். "எழுதுங்கப்பா, அவங்களுக்குத் தெரியட்டும்" என்றான்.)

எனக்கு அழுகை வந்தது, அதைவிட ஆவல் வந்தது. கடையிலிருக்கிற நிற அட்டையை எல்லாம் பரப்பி, "இது எப்படித் தெரியுது? இது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். அவனும் சளைக்காமல் சொன்னான். நான் இத்தனை வருஷம் விற்ற நிறங்களை அவன் கண்ணால் பார்ப்பது புது ஊருக்குப் போன மாதிரி இருந்தது. நடுவில், "ஏம்ப்பா, இதை அப்பவே என்கிட்ட சொல்லியிருக்கலாமே, இவ்வளவு நாளா எதுக்குக் காத்திருந்த?" என்று கேட்டேன்.

"நானும் அவங்ககிட்ட அதைத்தான்ப்பா கேட்டேன், அப்பாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு. நீங்க கோபமில்லாம அமைதியா இருக்கிற நேரமா பார்த்துச் சொல்லச் சொன்னாங்க. அதுக்காகத்தான் காத்துக்கிட்டிருந்தேன்" என்றான்.

ஐயா, பொத்தான் இருக்கட்டும், எழுத்து இருக்கட்டும், கறுப்பு வெள்ளையும் அப்படியே இருக்கட்டும். அந்த ஒரு ஆலோசனையை மட்டும் தயவுசெய்து மாற்றி எழுதுங்கள். அப்படியொரு நேரமே வராத வீடுகளும் இருக்கின்றன.