நான்கு நிமிட ஆலோசனை

மனிதகுலம் முதலில் நெருப்பைக் கண்டுபிடித்தது. பிறகு சக்கரம். அதன்பின் வெகுகாலம் சும்மா இருந்துவிட்டு, எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தின் ‘உணவு ஆலோசனைப் பதிவேட்டை’க் கண்டுபிடித்தது. அதை எழுதும் எழுத்தன் அடியேன்தான்.

காலில் ஆணி குத்தி வந்தாலும் சரி, காதில் எறும்பு புகுந்து வந்தாலும் சரி, ஆலோசனை பெறாமல் எங்களிடமிருந்து யாரும் தப்பிவிட முடியாது. தலைக்கு நான்கு நிமிடம். ‘இலக்கு’ப் பத்தி அச்சாகியே வருகிறது: ‘இரு வாரத்தில் இரண்டு கிலோ குறைவு.’ குண்டர், ஒல்லியர் எல்லோருக்கும் அதே இலக்கு. இப்படியொரு சமத்துவத்தை வேறெங்கே பார்க்க முடியும்?

அன்று வந்தவள் ஒரு தையல்காரி. வாசல் காவலாளி அவளுக்கு வைத்த பெயர் ‘நூலக்கா’. பொருத்தம் பற்றிப் புகார் ஏதுமில்லை. தையல் இயந்திரத்தின் மேலேயே இரண்டு முறை மயங்கி விழுந்திருக்கிறாள். ஆறு வாரத்துக்குள் உடல்தகுதிச் சான்று கொண்டு வராவிட்டால் அந்த இயந்திரத்தில் வேறு ஆள் உட்காரும் என்று தையல் ஆலை மேற்பார்வையாளர் கெடு வைத்துவிட்டார். எங்கள் விதிப்படி சான்றுக்குத் தேவை, பதிவேட்டில் தொடர்ந்து மூன்று ‘எட்டப்பட்டது’.

“ராத்திரி சாப்பாட்டைப் பாதியாக்குங்க” என்றார் ஆலோசகர் அம்மா, கையிலிருந்த அட்டையைப் பார்த்தபடி.

“ராத்திரி நான் சாப்பிடறதே இல்லீங்க மேடம். பிள்ளைங்களுக்குப் போட்டது போக மிஞ்சினாத்தானே?”

“அருமை! அப்ப மதியத்துல பாதியாக்குங்க. அஞ்சு வகைப் பழம் சாப்பிடணும்.”

“வருஷத்துக்கா மேடம்?”

“தினமும்! குறுக்கே பேசாதீங்கம்மா, நேரம் ஓடுது.”

“இளைச்சுக்கிட்டே போறேன்னு சொல்லத்தானே மேடம் வந்தேன்...”

“அதுக்குப் பத்தி இல்லையேம்மா” என்று நான் உதவிக்குப் போனேன்.

“சரிண்ணே. பத்தி இருக்கிற நோயா பார்த்து வந்திருக்கணும். என் தப்புதான்.”

எடை மேடையில் நாற்பத்து நான்கு காட்டியது. இரண்டு வாரம் கழித்து நாற்பத்திரண்டு. அப்புறம் நாற்பது. அப்புறம் முப்பத்தெட்டு. மூன்று ‘எட்டப்பட்டது’! என் பேனா பூரித்துப்போனது. மருத்துவர் பதிவேட்டை நன்றாகப் பரிசோதித்தார். பதிவேடு ஆரோக்கியமாக இருந்தது. கையெழுத்துப் போட்டார்.

சாதனைச் செய்தி மேலிடத்தை எட்டியது. பெரிய அதிகாரி ஒருவர் நேரிலேயே வந்துவிட்டார்.

“இந்த அம்மா நமக்கெல்லாம் ஒரு வழிகாட்டி!” என்று முழங்கினார். வழிகாட்டி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆலோசகர் அம்மா தன் மேசையிலிருந்த பழக்கூடையை எடுத்து அதிகாரியிடம் நீட்ட, அவர் அதை அவள் கையில் வைத்தார். எல்லோரும் கைதட்டினோம். புகைப்படக்காரர் ஒளியைச் சரிசெய்வதற்குள் நூலக்கா ஓர் ஆப்பிளை எடுத்து நறுக்கென்று கடித்துவிட்டாள்.

கைதட்டல் நின்றது.

“மேடம், இது பிளாஸ்டிக்கு” என்றாள்.

“பின்னே? மாதிரிப் பழம்மா அது. காட்டி விளக்கறதுக்கு!”

“நல்லவேளை. எடை கிடை ஏறிடுமோன்னு பயந்துட்டேன்.”

அதிகாரி சிரித்தார், ஆகவே நாங்களும் சிரித்தோம். கூடை மேசைக்குத் திரும்பியது. இருப்புப் புத்தகத்தில் நான் உடனே எழுதினேன்: ‘ஆப்பிள் ஒன்று, சேதம். பல் தடம் நான்கு.’

கூட்டம் கலைந்தது. நூலக்கா சான்றிதழை நான்காக மடித்துக்கொண்டு என் மேசைக்கு வந்தாள்.

“அண்ணே, காயிதம் கைக்கு வந்திருச்சு. இனிமே நான் சாப்பிடலாமா?”

பழக்க தோஷம், பதிவேட்டைத்தான் முதலில் புரட்டினேன். இந்தக் கேள்விக்கும் பத்தி இல்லை. பதிவேட்டை மூடிவிட்டு என் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து அவள் பக்கம் நகர்த்தினேன்.

“உங்களுக்கு?”

“எனக்கு இலக்கு பாக்கி இருக்கும்மா.”

தலை நிமிராமல் சாப்பிட்டாள். டப்பா காலியாகும்வரை சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சரியாக நான்கு நிமிடம்.

அதற்குமுன் அவள் வந்த ஒவ்வொரு முறையும் அதே நான்கு நிமிடத்தை நாங்கள் ஆலோசனை சொல்லியே தீர்த்திருந்தோம்.